எக்ஸ்ட்4 போட்டா 800 ஜிபி அம்போ! ஆமாவா இல்லையா?

வட்டு_வைத்தியர்:
"வீட்டு சர்வர்ல பெரிய ஃபைல் வைக்க எக்ஸ்ட்4 போதும், மத்ததெல்லாம் பந்தா"ன்னு பழையசர்வர் அண்ணன் நேத்து அருள்வாக்கு சொல்லியிருக்காரு. அதைப் படிச்சதுல இருந்து எரிச்சல் அடங்கல. எக்ஸ்ட்4-ங்கிறது லினக்ஸ்ல டிஸ்க்ல ஃபைல்களை அடுக்கி வைக்கிற முறை, அதாவது ஃபைல் சிஸ்டம். 16 டிபி டிஸ்க்கை எக்ஸ்ட்4-ல ஃபார்மேட் அடிச்சா எடுத்த எடுப்புலயே 5% ரூட்டுக்குன்னு (அட்மின் யூசர்) ஒதுக்கிடும், அதாவது 800 ஜிபி. காசு குடுத்து வாங்கின இடம்ங்க அது. இன்னொரு ஃபைல் சிஸ்டமான எக்ஸ்எஃப்எஸ்ல இந்த அநியாயமே கிடையாது.

பழையசர்வர்:
ட்யூன்2எஃப்எஸ் மைனஸ் எம் 0-ன்னு ஒரு கமாண்ட், அந்த ஒதுக்கீடு பூஜ்யம். ஒரே வரி. மவுன்ட்ல இருக்கும்போதே அடிக்கலாம், ரீபூட் கூட வேணாம். இதுக்கு ஒரு திரி வேற.

வட்டு_வைத்தியர்:
அந்த ஒரு வரி எத்தனை பேருக்குத் தெரியும்? நான் கேட்டது டீஃபால்ட்டை. டீஃபால்ட்டா 800 ஜிபி போகுதா இல்லையா, ஆமா இல்லைன்னு சொல்லுங்க.

பழையசர்வர்:
"போகுது"ன்னு எவன் சொன்னான் தம்பி? ரூட் அதுல தாராளமா எழுதலாம். டிஸ்க் ரொம்பி வழியுறப்ப லாக் எழுத இடமில்லாம சிஸ்டம் படுத்துடக் கூடாது, ஃபைல் துண்டு துண்டா சிதறக் கூடாதுன்னு வச்சது அது. வெறும் டேட்டா டிஸ்க்னா 0 போட்டுட்டுப் போ, முடிஞ்சது.

புதுசு_22:
பெரிய ஃபைல்னா எவ்வளவு பெருசுங்க? என்கிட்ட இருக்கிறது பூராம் 2 ஜிபி, 5 ஜிபி வீடியோதான்.

வட்டு_வைத்தியர்:
சரி, 0 போட்டாச்சுன்னே வைங்க. ஒவ்வொரு ஃபைலோட விவரத்தையும் வைக்கிற ஐநோடு டேபிளுக்கு என்ன சொல்லப் போறீங்க? 16 டிபி டிஸ்க்ல 32 கேபிக்கு ஒரு ஐநோடு, ஒவ்வொண்ணும் 256 பைட், கணக்குப் போட்டா 125 ஜிபி. நீங்க ஒரு ஃபைல் கூட காப்பி பண்றதுக்கு முன்னாடியே காலி. இதை ஃபார்மேட்டுக்கு அப்புறம் எந்த ட்யூன்2எஃப்எஸ்ஸும் திருப்பித் தராது. எக்ஸ்எஃப்எஸ் ஐநோடை தேவைப்படுறப்ப மட்டும்தான் உண்டாக்கும். 1993-ல எஸ்ஜிஐ கம்பெனில பெரிய ஃபைலுக்குன்னே ஆரம்பிச்சது சார் இது, ரெட்ஹாட் 2014-ல தன்னோட லினக்ஸ் ஏழாவது வெர்ஷன்ல இதையே டீஃபால்ட் ஆக்கிட்டான். அவனுக்குத் தெரியாதது அண்ணனுக்குத் தெரியும் போல.

பழையசர்வர்:
ஃபார்மேட் பண்ணும்போதே லார்ஜ்ஃபைல்4-ன்னு குடுத்தா 4 எம்பிக்கு ஒரு ஐநோடு, உன் 125 ஜிபி 1 ஜிபி ஆயிடும். மேன் பேஜ், அதான் கமாண்டோட கையேடு, படிக்கிற பழக்கம் இருந்தா தெரிஞ்சிருக்கும். இப்ப நான் கேக்குறேன், உன் எக்ஸ்எஃப்எஸ்ஸை சுருக்கிக் காட்டு பாப்போம். பெருசாக்கலாம், சின்னதாக்க முடியாது. எல்விஎம் (டிஸ்க் இடத்தை வால்யூம் வால்யூமா பிரிச்சுக் குடுக்கிறது) மேல வச்சிட்டு பக்கத்து வால்யூமுக்கு இடம் பத்தலன்னா பூராத்தையும் வேற டிஸ்க்குக்கு மாத்திட்டு முதல்ல இருந்து ஃபார்மேட் அடி.

வட்டு_வைத்தியர்:
வீட்டு சர்வர்ல எவனாவது டிஸ்க்கை சுருக்குவானா? இடம் பத்தலன்னு அழுறவன்தான் இங்க அத்தனை பேரும். பேச்சை மாத்தாதீங்க. 5%. டீஃபால்ட். ஆமாவா இல்லையா?

இசட்_வெறியன்:
ரெண்டு பேரும் ஒதுங்குங்கப்பா. உங்க ரெண்டுலயும் டேட்டா கெட்டுச்சான்னு பாக்குற செக்சம் கிடையாது. எக்ஸ்எஃப்எஸ், ஃபைலைப் பத்தின விவரமான மெட்டாடேட்டாவுக்கு மட்டும்தான் சிஆர்சி செக்சம் வச்சிருக்கு, வீடியோ நடுவுல ஒரு பிட் மாறினா உங்களுக்குத் தெரியவே தெரியாது. இசட்எஃப்எஸ் போடுங்க, பிளாக் அளவை, அதான் ரெக்கார்ட்சைஸை, 128 கேபில இருந்து 1 எம்பி ஆக்குங்க, மாசம் ஒருதடவை டிஸ்க் பூரா சரிபாக்குற ஸ்க்ரப் விடுங்க, நிம்மதியா தூங்குங்க.

பழையசர்வர்:
வந்துட்டாரு. கர்னல் அப்டேட் ஆனதும் இசட்எஃப்எஸ் மாட்யூல் பில்ட் ஆகலன்னு போன தடவை ராத்திரி பூரா இங்க புலம்பினது நீங்கதானே? லைசன்ஸ் தகராறுல கர்னலுக்கு வெளியவே நிக்குது, அதை நம்பி தூங்கணுமாம்.

இசட்_வெறியன்:
அது வேற விஷயம், அதை ஏன் இங்க இழுக்குறீங்க. ஒரு பிட் போனாலும் இசட்எஃப்எஸ் சொல்லும், உங்களோடது சொல்லாது.

மொட்டை_அட்மின்:
ஒத்த டிஸ்க்ல இசட்எஃப்எஸ் போட்டா கெட்டுப்போச்சுன்னு சொல்லும், ஆனா சரி பண்ண இன்னொரு காப்பி எங்கிருந்து வரும்? ரெண்டு டிஸ்க்ல ஒரே காப்பி வைக்கிற மிர்ரர், இல்லைன்னா பல டிஸ்க் சேர்த்த ரெய்டுஇசட் வேணும். அதையும் சேர்த்துச் சொல்லுங்க வெறியரே, புதுசா வர்றவங்க ஏமாந்துடப் போறாங்க.

வட்டு_வைத்தியர்:
பாத்தீங்களா, என் கேள்விக்கு மட்டும் எவனும் பதில் சொல்லல. 800 ஜிபி.

மொட்டை_அட்மின்:
800-னு அடிச்சு விடாதீங்க, டிஎஃப் கமாண்ட்ல பாத்தா 745-னுதான் காட்டும். 1024 கணக்குல பாக்கணும்.

வட்டு_வைத்தியர்:
டிஸ்க் டப்பாவுல 16 டிபின்னு எந்தக் கணக்குல போட்டிருக்கான்? அதே கணக்குல 800. டப்பாவுக்கு ஒரு கணக்கு எனக்கு ஒரு கணக்கா?

பழையசர்வர்:
745-ஓ 800-ஓ, ஒரு வரி அடிச்சா 0. மூணாவது தடவையா சொல்றேன்.

புதுசு_22:
அப்ப நான் பட்டர்எஃப்எஸ் போட்டுடவா? ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பிக்கிற ரெய்டு5-ம் அதுலயே வருதுன்னாங்க.

இசட்_வெறியன்:
ஐயோ வேணாம்! அதோட ரெய்டு5, 6-ஐ நம்பி டேட்டா வைக்காதேன்னு அவங்க ஆவணத்துலயே எச்சரிக்கை போட்டிருக்கான்.

வட்டு_வைத்தியர்:
புதுசு தம்பி, இவங்க பேச்சைக் கேக்காதீங்க, எக்ஸ்எஃப்எஸ் போடுங்க, ஒரு ஆப்ஷனும் வேணாம், ஒரு மேன் பேஜும் வேணாம். அண்ணன் "ஒரு வரி ஒரு வரி"ன்னாரு, அப்புறம் பாத்தா லார்ஜ்ஃபைல்4-னு இன்னொண்ணு வந்துச்சு. இன்னும் எத்தனை வரி வச்சிருக்காரோ.

பழையசர்வர்:
எக்ஸ்எஃப்எஸ்ல கரண்ட் போனா ஃபைல் பூரா ஜீரோவா மாறின கதையையும் தம்பிகிட்ட சொல்லிடு.

வட்டு_வைத்தியர்:
அது எந்தக் காலத்துக் கதை, சரி பண்ணி எவ்வளவு வருஷம் ஆச்சு! இன்னும் அதையே சொல்லிட்டுத் திரியுறவர் கிட்ட என்னத்தப் பேச. டீஃபால்ட்டா 5% போகுதா இல்லையா, அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.