ஐந்து கிழமை ஊருக்குப் போகிறோம்: பூட்டுகிற வீட்டின் தண்ணியை என்ன செய்வது?

வடலி (கேள்வி)

வணக்கம். டிசம்பர் 14 தொடக்கம் ஜனவரி 18 வரை யாழ்ப்பாணத்தில் நிற்போம். வீட்டில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஸ்காபரோவில் 1988 இல் கட்டின இரண்டு மாடி வீடு. வீட்டைச் சூடாக்குவது காஸ் ஃபர்னஸ், அதன் இரண்டு வெள்ளைக் குழாயும் பக்கச்சுவரால் வெளியே வருகின்றன. வாடகைக்கு எடுத்த 50 கலன் காஸ் சூட்டுத் தண்ணித் தாங்கி. பேஸ்மென்ட் முழுக்க முடித்தது, மூலையில் சம்ப் பம்ப் (கிடங்கில் சேருகிற நிலத்தடித் தண்ணியை வெளியே இறைப்பது). மேலே ஒரு குளியலறை கராஜுக்கு மேல் இருக்கிறது. குசினி சிங்க் வெளிச்சுவரோடு.

இப்போதைக்கு நினைத்திருப்பது: தெர்மோஸ்ரற்றை 12 இல் விடுவது, குசினிப் பைப்பை மெல்லிசாக ஒழுகவிடுவது, மச்சான் சனிக்கிழமைகளில் வந்து ஒருக்கால் எட்டிப் பார்ப்பது. இது காணுமா?

முழங்கை

காணாது. மூன்றையும் மாற்றவேண்டும்.

ஒழுகவிடுவது ஆள் இருக்கிற வீட்டுக்கான வைத்தியம். கடுங்குளிர் இரவொன்றில் வெளிச்சுவர்க் குழாயைக் காப்பாற்ற அது சரி, அதுவும் சூடு, குளிர் இரண்டு பக்கத்தையும் விடவேண்டும். பூட்டின வீட்டில் சிங்கின் கழிவுக்குழாய் அடைத்தாலோ உறைந்தாலோ ஒழுகுகிற தண்ணி நிலத்தில்தான் நிற்கும். அதோடு மெயின், அதாவது வீட்டுக்குத் தண்ணி வருகிற பிரதான வால்வு, திறந்தபடி கிடக்கும். அரை அங்குலக் குழாய் வெடித்தால் ஒரு நிமிடத்துக்குள் ஒரு வாளி நிரம்பும். ஞாயிற்றுக்கிழமை வெடித்தால் அடுத்த சனி வரைக்கும் ஓடும், கணக்குப் பாருங்கோ.

12 பாகை என்பது தெர்மோஸ்ரற் கொழுவியிருக்கிற உள்சுவரின் கணக்கு. கராஜுக்கு மேலான நிலத்துக்கு அடியிலும் குசினிச் சுவருக்குள்ளும் அதைவிடப் பல பாகை குறைவாக இருக்கும். வெளியே -20, கூடவே காற்று என்றால் அந்த இடம் பூச்சியத்துக்குக் கீழே போவது லேசு. 15 அல்லது 16 இல் மாறாமல் நிற்க 'ஹோல்ட்' போட்டு விடுங்கோ. அதற்குப் பற்றறி உண்டென்றால் புதிது போடுங்கோ. பற்றறி செத்து ஃபர்னஸ் நின்ற வீடுகள் ஏராளம்.

ஆனால் உண்மையான காவல் வெப்பம் இல்லை, வெறுங்குழாய். தண்ணி உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் பெருக்கும். குழாயைக் கிழிப்பது அந்த ஐஸ் கட்டி நேரடியாக அல்ல. ஐஸுக்கும் மூடின பைப்புக்கும் நடுவில் அகப்பட்ட தண்ணி போக இடமில்லாமல் அழுத்தம் ஏறி, பலவீனமான மூட்டில் கிழிக்கும். குழாயில் காற்றும் திறந்த வாயும் இருந்தால், மிச்சம் கிடக்கிற கொஞ்சத் தண்ணி உறைந்தாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது.

போகிற நாள் செய்யவேண்டிய ஒழுங்கு:

1. தண்ணித் தாங்கியின் காஸ் குமிழை 'வெக்கேஷன்' அல்லது 'பைலற்' இல் விடுங்கோ. இது முதலில்.
2. மெயின் வால்வை மூடுங்கோ. பேஸ்மென்ட் முன்சுவரில், தண்ணி மீற்றருக்குப் பக்கத்தில் இருக்கும். கைபிடித் தண்டு என்றால் கால் சுற்று, குழாய்க்குக் குறுக்கே நிற்கவேண்டும். வட்டச் சக்கரம் என்றால் பல சுற்று.
3. பேஸ்மென்ட் சலவைத் தொட்டியின் இரண்டு பைப்பையும் திறந்து, பிறகு மேல்மாடிப் பைப்புகள், ஷவர் எல்லாவற்றையும் திறவுங்கோ. மேலால் காற்று உள்ளே போனால்தான் கீழால் தண்ணி வடியும்.
4. ரொய்லற்றுகளை ஒவ்வொரு தரம் இழுத்துத் தாங்கிகளை வெறுமையாக்குங்கோ. கிண்ணத்துத் தண்ணி இருக்கட்டும், கழிவு மணத்தைத் தடுப்பது அதுதான்.
5. குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் மேக்கர், ஃபர்னஸில் பூட்டின ஹியூமிடிஃபயர் (காற்றை ஈரமாக்கும் கருவி) இரண்டையும் நிறுத்துங்கோ.
6. சலவைத் தொட்டிப் பைப்பைத் திறந்தபடியே விட்டுப் போங்கோ.

சூட்டுத் தண்ணித் தாங்கியை வடிக்கத் தேவையில்லை. சூட்டு நீர் மேலால் வெளியேறுகிறபடியால் இப்படிச் செய்யும்போது அது பெரும்பாலும் நிறைந்தே நிற்கும். வீடு 15 இல் இருந்தால் அதற்கு ஆபத்தில்லை.

சக்கர வால்வைப் போகிற அன்று முதல்முறையாகத் திருப்பப் பார்க்காதேங்கோ. 1988 வீட்டில் அது 30 வருடம் அசையாமல் இருந்திருக்கலாம். முறுக்கினால் உள்தண்டு உடையும், அல்லது மூடினாலும் சொட்டும். நவம்பரிலேயே மூடித் திறந்து பாருங்கோ. இறுகியிருந்தால் பிளம்பரைக் கொண்டு பந்து வால்வாக மாற்றுவிக்க வேண்டும். அதற்கு நகரசபை தெருவில் தண்ணியை நிறுத்தித் தரவேண்டியிருக்கும், ஆகவே முன்கூட்டியே பதிய வேண்டும்.

வெளிப்பைப்பை மறக்காதேங்கோ. ஹோஸைக் கழற்றி, உள்ளேயிருக்கிற வால்வை மூடி, வெளியே திறந்து, பிறகு உள்வால்வின் பக்கத்தில் இருக்கிற சின்னப் பித்தளை மூடியைத் தளர்த்தி மிச்சத்தை ஒரு கோப்பைக்குள் வடியுங்கோ. அந்த மூடியைத்தான் ஆட்கள் விட்டுவிடுவார்கள். மாரியில் உள்ளே வெடித்தது சித்திரையில் தோட்டத்துக்குத் தண்ணி விடும்போதுதான் பேஸ்மென்ட் கூரையால் தெரியவரும். உறையாத வகைப் பைப் என்றாலும் ஹோஸ் பூட்டியிருந்தால் தண்ணி வெளியேற வழியில்லை, அதுவும் வெடிக்கும்.

பொலிசிவாசகன்

மச்சான் விஷயம். உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து உறைதல் பற்றிய பந்தியைப் படியுங்கோ. கனடாவின் வீட்டுக் காப்புறுதிகளில் பெரும்பாலும் ஒரே மாதிரி நிபந்தனை: வழமையான சூடேற்றும் காலத்தில் தொடர்ந்து நான்கு நாட்களுக்கு மேல் வீட்டில் இல்லையென்றால், உறைந்து வந்த சேதத்துக்குக் காசில்லை. விலக்கு மூன்று. பொறுப்பான ஒருவர் ஒவ்வொரு நாளும் வந்து வீடு சூடாக இருக்கிறதா என்று பார்க்க ஒழுங்கு செய்திருந்தது, தண்ணியை நிறுத்திக் குழாய்களை வடித்தது, அல்லது வெப்பம் விழுந்தால் கண்காணிப்பு நிலையத்துக்கு அறிவிக்கும் அலாரம் பூட்டியது. 'நிறுத்தி' என்றதோடு 'வடித்து' என்றும் இருப்பதைக் கவனியுங்கோ. சனிக்கிழமை சனிக்கிழமை வருவது இதில் ஒன்றிலும் அடங்காது.

முழங்கை சொன்னபடி செய்தால் இரண்டாவது பொருந்தும். குறுக்காக நிற்கிற வால்வையும் திறந்த பைப்பையும் திகதியோடு படம் எடுத்து வையுங்கோ. போக முன்னம் முகவருக்கு மின்னஞ்சல் போட்டுப் பதிலை வாங்கி வைத்தால் இன்னும் நல்லது, தொலைபேசிப் பேச்சு பிறகு ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது.

கழிவுநீர் பின்வாங்கி வருவதும், தரைக்கு மேலால் வெள்ளம் புகுவதும் வேறு வேறு மேலதிகச் சேர்ப்புகள். ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று நினைக்கவேண்டாம். பேஸ்மென்ட் முடித்த வீடென்றால் வரம்புத் தொகையையும் பாருங்கோ.

நிலவறை

எல்லாரும் குழாயைப் பற்றியே பேசுகிறீர்கள். பூட்டின வீட்டில் முதலில் கைவிடுவது ஃபர்னஸ், இரண்டாவது சம்ப் பம்ப்.

அந்த இரண்டு வெள்ளைக் குழாயில் ஒன்று காற்றை உள்ளிழுக்கும், மற்றது புகையை வெளியேற்றும். காற்று அடித்துக் குவித்த பனி ஒன்றை மூடினாலே உள்ளேயிருக்கிற அழுத்தச் சுவிட்ச் ஃபர்னஸை நிறுத்திவிடும். பெரிய பனி கொட்டினால் அன்றைக்கே யாராவது போய், குழாய் வாயைச் சுற்றி அரை மீற்றராவது கையால் துப்புரவாக்கவேண்டும். மச்சானுடைய உண்மையான வேலை அதுதான். சனிக்கிழமைக்காகக் காத்திருக்காமல் பனி வந்த மறுநாள் வரச் சொல்லுங்கோ. ஃபர்னஸின் ஒடுக்கநீரை (புகை குளிர்ந்து சேருகிற தண்ணியை) ஒரு சின்னப் பம்ப் வெளியேற்றுகிறதென்றால் அதன் ரியூப்பையும் பாருங்கோ. குளிரான சுவரை ஒட்டி ஓடினால் அது உறைந்து, அதுவும் ஃபர்னஸை நிறுத்தும். வடிகட்டியைப் புதிதாகப் போட்டுவிட்டுப் போங்கோ.

சம்ப் பம்ப்: ஜனவரியில் இரண்டு நாள் வெக்கை வந்து, மழையும் பெய்தால் கிடங்கு நிரம்பும். கிடங்குக்குள் 20 லீற்றர் வாளித் தண்ணியை ஊற்றி, மிதவை உயர்ந்து பம்ப் ஓடி, நின்ற பிறகு தண்ணி திரும்பி விழுகிற சத்தம் தொடராமல் இருக்கிறதா என்று கேளுங்கோ. தொடர்ந்தால் ஒருவழி வால்வு பழுது. பிறகு வெளியே போய் அந்தத் தண்ணி எங்கே விழுகிறது என்று பாருங்கோ. கோடையில் பூட்டின நெளிகுழாய் நிலத்தில் படுத்துக் கிடந்தால், உள்ளே நின்ற தண்ணி உறைந்து அடைக்கும். பம்ப் அடைப்புக்கு எதிராக ஓடி எரிந்துபோகும். மாரிக்கு அதைக் கழற்றி, சரிவாக வைத்த வழுவழுப்பான குழாயால் அத்திவாரத்திலிருந்து இரண்டு மீற்றராவது தள்ளி விடவேண்டும். நடைபாதைப் பக்கம் விடவே கூடாது, அது ஐஸ் சறுக்குத் தளமாகிவிடும். சுவருக்கு வெளியே, ஐஸ் அடைத்தால் தண்ணி தப்பி வெளியேறும் இடைவெளி உள்ள இணைப்பொன்றையும் போடலாம். பெரிய விலையில்லை.

கரண்ட் போனால்? 2013 டிசம்பர் 21, 22 இல் வந்த ஐஸ் மழையில் ரொறன்ரோவில் மட்டும் ஏறக்குறைய 3 இலட்சம் வாடிக்கையாளருக்கு மின்சாரம் இல்லாமல் போனது. காஸ் ஃபர்னஸ் காஸில்தானே எரிகிறது என்று நம்பியிருக்கவேண்டாம், விசிறியும் பற்றவைப்பும் மின்சாரம். சம்ப் பம்ப்புக்கு 12 வோல்ற் மேலதிகப் பம்ப்பும் 100 அம்பியர்-மணி ஆழ்சுழற்சிப் பற்றறியும் (நெடுநேரம் மின்சாரம் இழுக்கத் தாங்கும் வகை) போடுங்கோ. 10 அம்பியர் இழுத்தால் தொடர்ச்சியாக ஏழு எட்டு மணித்தியாலம் தாங்கும். விட்டு விட்டு ஓடினால் ஓரிரு நாள். கார்ப் பற்றறி இந்த வேலைக்கு ஆகாது.

வைஃபை வெப்ப அறிவிப்புக் கருவி 10 பாகையில் எச்சரிக்கட்டும். ஆனால் கரண்ட் போனால் ரவுட்டரும் போகும், கருவி வாய் திறக்காது. ரவுட்டருக்கு ஒரு யுபிஎஸ் (கரண்ட் போனால் பற்றறியில் ஓட்டும் பெட்டி), அல்லது சிம் போடுகிற கருவி. 'தொடர்பு அறுந்தது' என்று வருகிற அறிவிப்பையும் ஆபத்தாகவே எடுங்கோ.

தேங்காய்ப்பூ

இடையில் ஒரு கேள்வி. எங்கட வீட்டில் பேஸ்மென்டில் வாடகைக்குக் குடும்பம் இருக்கிறது. மெயினை மூட ஏலாது. அவர்கள் இருக்கிறபடியால் வீடு வெறுமையில்லைத்தானே?

முழங்கை

தண்ணியைப் பொறுத்தவரை மேல்வீடு வெறுமைதான். மேல்மாடிக்குப் போகிற சூடு, குளிர்க் குழாய்கள் பேஸ்மென்ட் கூரையில் பிரிகிற இடத்தில் இரண்டு பந்து வால்வு போட்டால் மேலே மட்டும் மூடி வடிக்கலாம். பிளம்பருக்கு அரை நாள் வேலை, கூரை ஜிப்ரொக் பலகையால் மூடியிருந்தால் கொஞ்சம் கூட. வடிக்கிற சின்ன மூடி உள்ள வால்வாகக் கேளுங்கோ. அதுவரைக்கும் ஒவ்வொரு சிங்குக்கும் ரொய்லற்றுக்கும் கீழேயிருக்கிற தனி வால்வுகளையும், சலவை மெசினின் இரண்டு பைப்பையும் மூடுங்கோ. இது அரைக் காவல்தான். சுவருக்குள் இருக்கிற குழாய் நிறைந்தே இருக்கும்.

பொலிசிவாசகன்

குடியிருப்பவர் நாள்தோறும் மேலே வந்து பார்ப்பதாக இருந்தால், காப்புறுதிக்காரருக்கு அவர் வாடகைக்கு இருப்பது முதலில் தெரிந்திருக்கவேண்டும், அக்கா. தெரியாமல் வைத்திருந்தால் பிரச்சினை உறைதலோடு நிற்காது. நாளுக்கொரு தரம் தெர்மோஸ்ரற்றைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கோ, அதுவே பதிவு.

கூரைக்குருவி

வடலி, நவம்பர் கடைசியில், இலை முழுக்கக் கொட்டின பிறகு, கூரை விளிம்புப் பீலியைத் துப்புரவாக்குங்கோ. கீழிறங்கு குழாயின் வாய் அத்திவாரத்திலிருந்து இரண்டு மீற்றர் தள்ளியிருக்கட்டும். கூரை விளிம்பில் ஐஸ் வரம்பு கட்டுவதற்குக் காரணம் பீலியல்ல, அற்றிக்குள் (கூரைக்கு அடியிலுள்ள வெற்றிடத்துக்குள்) ஏறுகிற வீட்டுச் சூடு. அது மேற்பனியை உருக்க, தண்ணி குளிர்ந்த விளிம்பில் திரும்ப உறைந்து அணைபோல நிற்கும். பின்னால் தேங்கினது ஓட்டுக்கு அடியால் உள்ளே வரும். அற்றிக் கதவின் ஓரத்துக்கு ரப்பர் நாடா ஒட்டுவது பத்து நிமிட வேலை, இன்றைக்கே செய்யலாம். கல்லுப்பைக் கூரையில் எறியவேண்டாம், பீலியும் ஆணியும் துருப்பிடிக்கும்.

வடலி

எல்லாருக்கும் நன்றி. மெயின் சக்கர வகைதான், அசையவில்லை, பிளம்பரிடம் பதிகிறேன். இரண்டு கேள்வி மிச்சம். ஐந்து கிழமையில் பேஸ்மென்ட் நிலத்துக் கழிவுவாய் காயாதா? திரும்பி வந்து எப்படித் திறப்பது?

முழங்கை

காயும். போக முன்னம் இரண்டு லீற்றர் தண்ணியும், மேலே ஒரு மேசைக்கரண்டி சமையல் எண்ணெயும் ஊற்றுங்கோ. எண்ணெய்ப் படலம் ஆவியாவதைத் தடுக்கும். ஷவர்க் கழிவுவாய்களுக்கும் அதையே செய்யலாம்.

வந்ததும் முதலில் வீடு எத்தனை பாகையில் நிற்கிறதென்று பாருங்கோ. ஃபர்னஸ் நின்றிருந்தால் வீடு சூடாகி ஒரு நாள் போகும்வரை தண்ணியைத் திறக்கவேண்டாம், உறைந்த இடம் இளகினால்தான் வெடிப்புத் தெரியும். சூடாக இருந்தால் சலவைப் பைப்பையும் மேல்மாடிப் பைப்பொன்றையும் திறந்து வைத்து, மற்றவற்றை மூடி, மெயினைக் கால்வாசி மட்டும் திறவுங்கோ. ஒருவர் வால்வடியில் நிற்க மற்றவர் மேலே போய்க் கேட்கவேண்டும். சுவருக்குள் இரைச்சல் என்றால் உடனே மூடுங்கோ. காற்றெல்லாம் வெளியேறித் தண்ணி சீராக வந்த பிறகு எல்லாப் பைப்பையும் மூடி, மீற்றர் முகத்தைப் பாருங்கோ. ஒருவரும் தண்ணி பாவிக்காமல் அது அசைந்தால் எங்கேயோ கசிகிறது. பைப் நுனிகளின் வலையைக் கழற்றிக் கழுவுங்கோ, துரு சேர்ந்திருக்கும். தாங்கி நிறைந்து, சூட்டுப் பைப்பில் காற்றில்லாமல் தண்ணி வந்த பிறகுதான் காஸ் குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்புங்கோ.

நிலவறை

நிலத்தில் தண்ணி நின்றால், மின்பெட்டி பேஸ்மென்டில் இருந்தால், தண்ணிக்குள் நடந்துபோய்ச் சுவிட்சைத் தொடாதேங்கோ. மின்சார நிறுவனத்தைக் கூப்பிட்டு வெளியிலிருந்து நிறுத்துவியுங்கோ. அவர்களுடைய இலக்கத்தையும் மெயின் வால்வின் படத்தையும் மச்சானுக்கு இப்பவே அனுப்பி வையுங்கோ.