ஒரே பச்சை, வேறு வேறு எண்கள்

வரைபடத்துக்கு நிறம் கொடுப்பதில் தவறிய மூவரின் குறிப்புகள்:

இரண்டு கோடைகளின் செயற்கைக்கோள் படங்களிலிருந்து என்டிவிஐ (தாவரப் பசுமையை எண்ணாகக் காட்டும் குறியீடு; எண் கூடினால் பசுமை கூடுதல்) கணக்கிட்டு, தாவரப் பரப்பு எவ்வளவு மாறியிருக்கிறது என்று காட்டும் வேலை எனக்கு வந்தது. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இரண்டு ராஸ்டர்களுக்கும் (பிக்சலுக்கு ஓர் எண் கொண்ட படங்கள்) எண்ணுக்கேற்ப நிறம் தரும் 'சிங்கிள்பேண்ட் சூடோகலர்' தேர்ந்து, சிவப்பில் தொடங்கிப் பச்சையில் முடியும் ஒரே நிறச்சாய்வைக் கொடுத்தேன். அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. பெரிய மாற்றம் இல்லை என்று எழுதியும் கொடுத்துவிட்டேன்.

அந்த நிலத்தை நேரில் பார்த்த ஒருவர், "செடிகள் பாதி காய்ந்து கிடக்கின்றன, உங்கள் படத்தில் மட்டும் எப்படிப் பச்சையாக இருக்கிறது?" என்று கேட்டார். அப்போதுதான் நிறங்களுக்கு எதிரே இருந்த எண்களைப் படித்தேன். முதல் ஆண்டில் அடர்பச்சை என்பது 0.78. அடுத்த ஆண்டில் அதே அடர்பச்சை 0.46! நான் தேர்ந்திருந்த 2 – 98 விழுக்காட்டு வெட்டு (இரு முனைகளிலும் 2 விழுக்காடு பிக்சல்களை ஒதுக்கிவிட்டு எல்லை குறிப்பது), அந்தந்த ராஸ்டரின் பிக்சல்களை வைத்தே எல்லைகளை வகுத்திருந்தது. வறண்ட ஆண்டிலும் இருப்பதில் செழிப்பானது எதுவோ அதற்கு அடர்பச்சை கிடைத்துவிட்டது.

எல்லைகளை 'யூசர் டிஃபைன்டு' என்று மாற்றி, 0 முதல் 0.8 வரை கையால் எழுதி, அந்த ஸ்டைலை நகலெடுத்து இரண்டாவது லேயரில் ஒட்டினேன். காய்ந்த நிலம் கண்முன் வந்தது. அறிக்கையைத் திரும்பப் பெற்றுத் திருத்திக் கொடுத்தேன். இன்னொன்றையும் கவனியுங்கள்: எல்லைகளைக் கணக்கிட எடுக்கும் பகுதி, அதாவது புள்ளிவிவரப் பரப்பு, 'அப்டேட்டட் கேன்வாஸ்' (அவ்வப்போது திரையில் தெரியும் பகுதி) என்று இருந்தால், வரைபடத்தை நகர்த்தும்போதெல்லாம் நிறங்களும் மாறும். தேடிப் பார்க்க அது நல்ல வசதி, ஒப்பிடுவதற்கு ஆகவே ஆகாது.

*

முதலில் எழுதியவருக்கு நிறங்களின் எண் எல்லை சுருங்கியது, எனக்கு விரிந்துபோனது. விண்கலத்திலிருந்து ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் நில உயரத் தரவின் தொடக்கப் பதிப்புகளில், அளவீடு கிடைக்காத இடங்களுக்கு -32768 என்ற எண்ணை இட்டிருப்பார்கள். வடிவம் மாற்றியபோது, அது தரவில்லாத இடம் என்ற குறிப்பு என் கோப்பிலிருந்து தொலைந்துவிட்டது. மலையின் உச்சி 2,100 மீட்டர். அளவுகோலோ -32768இலிருந்து தொடங்கியது. பள்ளத்தாக்கும் சிகரமும் நிறச்சாய்வின் கடைசி 6 விழுக்காட்டுக்குள் நெருக்கியடித்து நின்றதால், வரைபடம் முழுக்க ஒரே நிறம். கோப்பு கெட்டுவிட்டது என்று நம்பி இரண்டு முறை மறுபடி பதிவிறக்கினேன். 'டிரான்ஸ்பரன்சி' பகுதியில் கூடுதல் 'நோ டேட்டா' மதிப்பாக அந்த எண்ணைக் கொடுத்து, எல்லைகளை மறுபடி கணக்கிட்டதும் ஓடைகள்கூடத் தெரிந்தன.

*

இரண்டாம் ஆண்டின் என்டிவிஐயிலிருந்து முதல் ஆண்டினதைக் கழித்து, வேறுபாட்டு ராஸ்டராகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பழுப்பு – வெள்ளை – பச்சைச் சாய்வு வைத்திருந்தேன். எல்லைகள் -0.5, +0.2 என்று தானாக அமைந்தன. நடுவிலிருக்கும் வெள்ளை பூஜ்யத்தில் விழாமல் -0.15இல் விழுந்தது. தாவரம் குறைந்த இடங்களை மாற்றமே இல்லாதவை என்று என் வரைபடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது -0.5, +0.5 என்று இரு பக்கமும் சமமாக எழுதிய பிறகே நிறத்தைத் தேர்கிறேன். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிரே வைப்பதில்லை. அவற்றைப் பிரித்தறிய முடியாத ஒருவர் எங்கள் குழுவிலேயே இருக்கிறார். பழுப்புக்கு எதிரே நீலப்பச்சை வைத்தபோதுதான் அவரால் அந்த வரைபடத்தை யாரையும் கேட்காமல் படிக்க முடிந்தது.