நடப்பவர்கள் மட்டும் மங்கலாக விழுகிறார்கள்: ஷட்டரா, ஃபோகஸா, லென்ஸா?

தூறல் எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது 24 மெகாபிக்ஸல் ஏபிஎஸ்-சி (சென்சாரின் அளவு) மிரர்லெஸ் கேமரா, கூடவே வந்த 18-55 மி.மீ. ஸூம் லென்ஸ். அன்றாடக் காட்சிகளுக்கும் பயணத்துக்கும் இதுதான். கட்டடம், மரம், நிற்பவர்கள் எல்லாம் நன்றாக வருகிறது. நடப்பவர்களும் வேலை செய்கிற கைகளும் பத்துக்கு ஆறேழு மங்கல். அபெர்ச்சர் பிரியாரிட்டி (லென்ஸ் துளையின் அளவை நான் வைப்பேன், ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும்), எஃப்/5.6 (எண் சிறிதானால் துளை பெரிது), ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்; மேல் எல்லை 1600), ஏஎஃப்-எஸ் (ஒருமுறை பிடித்ததும் நிற்கும் ஆட்டோஃபோகஸ்), ஃபோகஸ் புள்ளியைக் கேமராவே எடுத்துக்கொள்ளும். லென்ஸில் ஸ்டெபிலைசர் (கை ஆட்டத்தைச் சரிக்கட்டுவது) உண்டு. ஸூம் இல்லாத 35 மி.மீ. எஃப்/1.8 பிரைம் லென்ஸ் வாங்கினால் தீருமா? ரயில் ஜன்னல் வழியாக எடுக்கும்போது கண்ணாடியில் விழும் பிம்பத்துக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

கண்ணாடிவில்லை எழுதியது:

லென்ஸ் வாங்குவதைத் தள்ளிவையுங்கள். மங்கலான படம் ஒன்றை 100% அளவில் திறந்து, அதிலிருப்பவரின் சட்டைப் பொத்தானைப் பாருங்கள். நடக்கிற திசையில் பொத்தான் கோடாக இழுபட்டிருந்தால் ஷட்டர் ஸ்பீடு போதவில்லை, அதாவது ஷட்டர் தேவைக்கு மேல் நேரம் திறந்திருக்கிறது. வட்டம் வட்டமாகவே இருந்து, விளிம்பு மட்டும் பஞ்சுபோல ஊதியிருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. அப்போது அவருக்குப் பின்னால் சுவரோ முன்னால் கம்பமோ பளிச்சென்று இருக்கும். பொத்தான், சுவர், பெயர்ப்பலகை எழுத்து எல்லாம் ஒரே பக்கமாக இரட்டித்திருந்தால் கை ஆடியிருக்கிறது. ஸ்டெபிலைசர் திருத்துவது இந்தக் கடைசி வகையை மட்டும்தான். எதிரில் இருப்பவர் நகர்வதை அது தடுக்காது.

நிற்பவர் நன்றாக வந்து நடப்பவர் மங்குகிறார் என்றால் பெரும்பாலும் முதல் வகை. காரணம் ஐஎஸ்ஓ மெனுவுக்குள் இருக்கிறது. ஆட்டோ ஐஎஸ்ஓவில் குறைந்தபட்ச ஷட்டர் ஸ்பீடு ‘ஆட்டோ’ என்று இருந்தால், கேமரா உங்கள் கை ஆட்டத்தை மட்டும் கணக்கில் வைத்து, லென்ஸின் குவியத்தூரத்துக்கு (மி.மீ. எண்) ஏற்ப 1/30, 1/60 நொடி என்று எடுத்துக்கொள்ளும். எதிரில் ஆள் நடக்கிறார் என்பது அதற்குத் தெரியாது.

எவ்வளவு வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சாதாரணமாக நடப்பவர் நொடிக்கு சுமார் 1.4 மீட்டர் போவார். லென்ஸ் 23 மி.மீ.யில், அவர் 3 மீட்டர் தள்ளிக் குறுக்கே நடந்தால், பிம்பம் சென்சாரில் நொடிக்கு 10.8 மி.மீ. நகரும். 1/60இல் இழுவை 0.18 மி.மீ. உங்கள் சென்சாரில் ஒரு பிக்ஸல் ஏறக்குறைய 0.004 மி.மீ. அகலம், ஆகவே 45 பிக்ஸல். 1/250இல் 11. 1/500இல் ஐந்தாறு, அதாவது 0.02 மி.மீ. டெப்த் ஆஃப் ஃபீல்டு (எந்தத் தூரத்திலிருந்து எதுவரை கூர்மையாக இருக்கும் என்ற) கணக்குகளில் ஏபிஎஸ்-சிக்குக் கூர்மையின் எல்லையாக வழக்கமாக வைப்பதும் இதே 0.02தான். எனவே குறுக்கே நடப்பவருக்கு 1/500 வையுங்கள். உங்களை நோக்கி வருபவருக்கு 1/200 போதும்.

குறைந்தபட்ச ஷட்டர் ஸ்பீடை 1/500 என்று நீங்களே கொடுங்கள். மேல் எல்லையை 6400க்கு ஏற்றுங்கள். 1600இல் நிறுத்தினால், வெளிச்சம் போதாத இடத்தில் பெரும்பாலான கேமராக்கள் அந்த எல்லையைத் தொட்டதும் சத்தமில்லாமல் ஷட்டரை இறக்கிவிடும்; 1/500 என்று வைத்த நினைப்பில் 1/80இல் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். படத்தில் தெரியும் பொடிப்புள்ளிகளான நாய்ஸைப் பிறகு கணினியில் குறைக்க முடியும், இழுபட்ட பொத்தானை வட்டமாக்க முடியாது.

பிரைம் லென்ஸ் எஃப்/5.6ஐவிட மூன்று ஸ்டாப்புக்கு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) சற்று மேல் வெளிச்சம் தரும், உண்மைதான். ஆனால் எஃப்/1.8இல் 2.5 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் கூர்மையாக இருப்பது 2.33இலிருந்து 2.70 மீட்டர் வரை, மொத்தமே 37 செ.மீ. நடப்பவர் ஒரே எட்டில் அதைத் தாண்டிவிடுவார். முதல் வகைக் கோளாறு போய் இரண்டாவது வகை வந்து சேரும்.

நடைபாதை எழுதியது:

மேலே சொன்னதோட ஃபோகஸையும் கேமரா கையிலிருந்து வாங்கிடுங்க. புள்ளியை அதுவே தேர்ந்தெடுக்க விட்டா, பக்கத்துல இருக்கிறதை, இல்லேன்னா வெளிச்ச வித்தியாசம் அதிகமா இருக்கிறதைப் பிடிக்கும். தெருவில் அது பெரும்பாலும் கம்பம், பலகை, கம்பிவேலி.

பகல்ல எடுக்கிறதுக்கு ஸோன் ஃபோகஸ் பழகுங்க, அதாவது ஒரே தூரத்துல ஃபோகஸை முன்கூட்டியே வெச்சிட்டு எடுக்கிறது. 23 மி.மீ., எஃப்/8, ஃபோகஸ் 2.5 மீட்டர். 1.4 மீட்டர்லேர்ந்து 10 மீட்டர் வரைக்கும் எல்லாமே கூர்மை. ஏஎஃப் தேடுற நேரமே கிடையாது, பட்டனை அழுத்தினதும் படம் விழும். அதே 2.5 மீட்டரை எஃப்/4ல வெச்சா 1.8லேர்ந்து 4 மீட்டர் வரைதான். இருட்டுற நேரத்துல இது ஞாபகம் இருக்கட்டும்.

18-55 லென்ஸ்ல பெரும்பாலும் தூர அளவே போட்டிருக்காது. 2.5 மீட்டர் எப்படித் தெரியும்? லென்ஸை 23ல வெச்சு, கேமராவைக் கிடைமட்டமாப் பிடிங்க. 1.7 மீட்டர் உயரமுள்ள ஒருத்தர் தலையிலேர்ந்து கால் வரை ஃபிரேமுக்குள்ள சரியா அடைஞ்சு நின்னா அதுதான் 2.5 மீட்டர். அந்தத் தூரத்துல ஒரு கதவிலோ தூணிலோ ஏஎஃப் பிடிச்சிட்டு, மேனுவல் ஃபோகஸுக்கு மாத்திடுங்க. அப்புறம் வளையத்தைத் தொடாதீங்க.

இதுல ரெண்டு இடத்துல வழுக்கும். இந்த மாதிரி லென்ஸ்ல ஃபோகஸ் வளையம் மோட்டாருக்குக் கட்டளை மட்டும்தான் அனுப்புது. சில கேமராக்கள் அணைஞ்சாலோ ஸ்லீப்புக்குப் போனாலோ அந்த இடத்தை மறந்துடும், எழுப்பினதும் திரும்பப் பிடிக்கணும். ரெண்டாவது, ஸூமைத் திருப்பினா பல லென்ஸ்ல ஃபோகஸும் நகரும். 23ல வெச்சா 23லேயே இருங்க. வளையத்துல சின்ன டேப் துண்டு ஒட்டினா பை உரசினாலும் நகராது.

வெளிச்சத்துக்கு ஒரு மனக்கணக்கு: எஃப்/8, 1/500க்கு நல்ல வெயில்ல ஐஎஸ்ஓ 100 போதும். கட்டட நிழல், மூடின வானம்னா 800 பக்கம். விளக்கு எரிய ஆரம்பிக்கிற நேரத்துல 6400ஐத் தொட்டுடும், அப்ப எஃப்/4, 1/250க்கு இறங்குங்க, மூணு ஸ்டாப் திரும்பக் கிடைக்கும்.

தூறல் எழுதியது:

மிக்க நன்றி. பழைய படங்களைத் திறந்து பார்த்தேன்: பெரும்பாலும் பொத்தான் கோடுதான், நாலைந்தில் பின்சுவர் கூர்மை. 1/500 வைத்ததும் வெளியே எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் டியூப்லைட் போட்ட கூடத்துக்குள் எடுத்தால் படத்தின் குறுக்கே ஐந்து மங்கலான பட்டைகள். ஓசை வரக்கூடாது என்று சைலன்ட் ஷட்டர் வைத்திருந்தேன். சென்சார் போய்விட்டதா?

மின்மினி எழுதியது:

சென்சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் விளக்கு நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 120 முறை. சைலன்ட் ஷட்டர் என்பது எலக்ட்ரானிக் ஷட்டர். அது படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. படித்து முடிப்பதற்குள் விளக்கு எத்தனை முறை மங்கியதோ அத்தனை பட்டை. ஐந்து பட்டை என்றால், 50 ஹெர்ட்ஸ் ஊரில் உங்கள் கேமரா ஒரு படத்தைப் படிக்க ஏறக்குறைய 1/20 நொடி எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். பயணத்தில் இந்த எண் உதவும்: அவ்வளவு மெதுவாகப் படிக்கிற ஷட்டரில், ஓடும் வண்டியிலிருந்து எடுத்தால் நேரான கம்பங்கள் சாய்ந்து விழும்.

மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். அதன் திரை சென்சாரை 1/200 நொடி அளவில் கடந்துவிடுவதால் பட்டைகள் வராது. ஆனால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மேல்பாதி மங்கி மஞ்சளடித்தும் வரலாம். ஆன்டி ஃப்ளிக்கர் என்ற தேர்வு மெனுவில் இருந்தால் போடுங்கள்; விளக்கு உச்சத்தில் இருக்கும் கணம் வரை ஷட்டர் காத்திருக்கும். பட்டனுக்கும் படத்துக்கும் நடுவே துளி தாமதம், தொடர்ந்து பல படம் எடுக்கும் பர்ஸ்ட் வேகமும் குறையும். அந்தத் தேர்வு இல்லையென்றால் 1/100 அல்லது 1/50க்கு வாருங்கள். ஒரு முழுத் துடிப்பு உள்ளே அடங்குவதால் வெளிச்சம் சமமாகும். 60 ஹெர்ட்ஸ் ஊர்களில் 1/125 அல்லது 1/60. சில எல்இடி அறிவிப்புப் பலகைகள் இதைவிடப் பல மடங்கு வேகமாகத் துடிக்கும். அவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

வழிப்போக்கன் எழுதியது:

1/100க்கு இறங்க வேண்டியிருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். எல்லா அசைவுக்கும் நடுவில் நிற்கிற கணம் ஒன்று உண்டு. துடைப்பம் ஒரு பக்கம் போய்த் திரும்பும் முனையில் கை நின்றுதான் திரும்பும். சுத்தியல் உச்சியில் நிற்கும். மாவு பிசைகிற கை அழுத்தி முடித்த இடத்தில் நிற்கும். அந்தத் திருப்பத்தில் 1/60இல்கூட விரல்கள் கூர்மையாக விழும். நடுவீச்சில் 1/500 போதாமல் போகலாம். நாலு வீச்சு பார்த்துவிட்டு ஐந்தாவதுக்கு எடுங்கள். கை திரும்பும்போது அழுத்தினால் தாமதம், திரும்பப்போகும்போது அழுத்த வேண்டும்.

நடப்பவருக்கும் அப்படியே. கால்கள் மிக அகன்று விரிந்திருக்கும் நேரத்தில் இரண்டு பாதமும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். முன்குதிகால் இப்போதுதான் ஊன்றியது, பின்கால் விரல்கள் இன்னும் கிளம்பவில்லை. பாதங்கள் கூர்மையாகும், உருவமும் நடக்கிறதென்று தெரியும். கால்கள் ஒன்றையொன்று கடக்கும்போது எடுத்தால், 1/500இல் உறைந்தாலும் ஒற்றைக்காலில் நிற்பதுபோல இருக்கும். உடம்பு அப்போதும் முன்னால் போய்க்கொண்டுதான் இருக்கும் என்பதால், 1/100இல் குறுக்கே போகிறவரை எடுக்க, இடுப்பிலிருந்து திரும்பி அவர் வேகத்தில் கேமராவையும் கொண்டுபோங்கள். இல்லையென்றால் ஆட்கள் நம்மை நோக்கி வருகிற வாசல், படிக்கட்டின் கீழ்முனை போன்ற இடத்தில் நில்லுங்கள்.

எல்லாவற்றையும் உறையவைக்க வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. கூட்டத்துக்கு நடுவே ஒருவர் அசையாமல் கடிதம் படிக்கிறார் என்றால் 1/8தான் சரி. தூணில் சாய்ந்து மூச்சை விட்டுக்கொண்டே பட்டனை அழுத்துங்கள், ஸ்டெபிலைசர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சுற்றிலும் ஆட்கள் கரைந்து ஓட, அவர் கையிலிருக்கும் தாளின் மடிப்பு வரை தெரியும். அப்படிப்பட்ட தனிமையை 1/500 காட்டாது. ஐந்தாறு படம் எடுங்கள், ஒன்றிரண்டில்தான் அவரும் அசையாமல் இருப்பார்.

கண்ணாடிவில்லை எழுதியது:

ரயில் ஜன்னல் விட்டுப்போயிற்று. கண்ணாடியில் தெரிவது பெட்டிக்குள் இருக்கும் விளக்கும் உங்கள் வெளிர் நிறச் சட்டையும்தான். லென்ஸ் முனையில் மாட்டும், மடங்கக்கூடிய ரப்பர் ஹூடைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள். ஹூட் இல்லையென்றால் கருப்புத் துணியால் லென்ஸைச் சுற்றி மூடுங்கள். லென்ஸின் உலோக விளிம்பைக் கண்ணாடியில் அழுத்தாதீர்கள், அதன் அதிர்வு நேராகக் கேமராவுக்கு ஏறும்.

பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைஸர் ஃபில்டர் எல்லாக் கோணத்திலும் வேலை செய்யாது. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி முழுமையாகத் துருவமடையும் கோணத்தை டேவிட் புரூஸ்டர் 1815இல் விதியாகச் சொன்னார். சாதாரணக் கண்ணாடிக்கு அது, கண்ணாடிப் பரப்புக்கு நேர் எதிரே நீளும் செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 56 டிகிரி. சாய்வாகப் பார்த்து எடுத்தால் பிம்பம் மறையும், நேர் எதிரே பார்த்து எடுத்தால் ஒன்றும் ஆகாது. ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சமும் போகும். கண்ணாடி டெம்பர் செய்ததாக (சூடேற்றி உறுதியாக்கியதாக) இருந்தால் வானவில் நிறத் திட்டுகள் வேறு தெரியும், தெரிந்தால் கழற்றிவிடுங்கள்.

ஷட்டருக்கு அதே கணக்கு. 80 கி.மீ. வேகத்தில், 23 மி.மீ.யில், 10 மீட்டர் தள்ளி இருக்கும் கம்பத்துக்கு 1/2500 வேண்டும். 100 மீட்டர் தள்ளி இருக்கும் மரத்துக்கு 1/250 போதும். பக்கத்துப் புதர் இழுபடுவதைத் தடுக்க முயலாமல் தூரத்துக்கு ஃபோகஸ் வைத்து 1/1000இல் எடுங்கள். மெக்கானிக்கல் ஷட்டர், மேனுவல் ஃபோகஸ். மழையானால் ஏஎஃப் கண்ணாடித் துளியைப் பிடித்துக்கொண்டு விடாது.

ஏசி பெட்டியிலிருந்து புழுக்கத்துக்குள் இறங்கும் முன், பெட்டிக்குள்ளேயே கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவிடுங்கள். அரைமணி நேரம் பையிலேயே இருந்தால் ஈரம் லென்ஸில் படியாமல் பையின் வெளிப்புறத்தில் படியும்.