4ஜி அளவில் பிரித்தும் துண்டுகள் பென் டிரைவில் ஏறவில்லை

கேள்வி

38 ஜிபி உள்ள ஒரு டார்.ஜிஇசட் தொகுப்பை (பல கோப்புகளை ஒன்றாக்கிச் சுருக்கியது) இன்னொரு லினக்ஸ் கணினிக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டுக்கும் நடுவே நெட்வொர்க் கிடையாது. 64 ஜிபி பென் டிரைவ் ஒன்றுதான் வழி. அது ஃபேட்32 என்ற கோப்பு முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டது. வேறு கோப்புகளும் அதில் இருப்பதால் மறுபடி ஃபார்மேட் செய்ய முடியாது. ஃபேட்32இல் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு நிற்காது என்பதால், கோப்பைத் துண்டாக்கும் ஸ்பிளிட் கட்டளையை இப்படிக் கொடுத்தேன்:

ஸ்பிளிட் -பி 4ஜி தொகுப்பு.டார்.ஜிஇசட் /மீடியா/பென்/துண்டு-

முதல் துண்டு முடியும் தறுவாயில் ‘கோப்பு மிகப் பெரியது’ என்ற பிழையோடு நின்றுவிடுகிறது. டிரைவில் இடம் தாராளமாக இருக்கிறது. துண்டு-ஏஏ கோப்பின் அளவு 4,294,967,295 பைட் என்று காட்டுகிறது.

இன்னொரு கவலையும் உண்டு. அந்தக் கணினியில் காலியிடம் 60 ஜிபிதான். தொகுப்பை விரித்தால் 50 ஜிபி ஆகும். முதலில் ஒட்டி, பிறகு விரிக்க இடம் போதாது. என்ன செய்யலாம்?

மறுமொழி 1

நீங்கள் எழுதிய அந்த எண்தான் விடை. ஃபேட்32 ஒரு கோப்பின் நீளத்தை 32 பிட்டில் குறித்துவைக்கிறது. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 4,294,967,295. ஸ்பிளிட்டுக்கு வெறும் ‘ஜி’ என்றால் 1024 × 1024 × 1024. அதன் நான்கு மடங்கு 4,294,967,296. ஒரே ஒரு பைட் மிஞ்சுகிறது, அவ்வளவுதான்!

‘4ஜி’ என்பதை ‘4ஜிபி’ என்று மாற்றினால் 400 கோடி பைட் என்று எடுத்துக்கொள்ளும், எல்லைக்குள் வந்துவிடும். ஆனாலும் ‘2ஜி’ கொடுங்கள் என்பேன். 19 துண்டுகள் வரும். ஏதாவது ஒன்று கெட்டால் திரும்ப எடுக்க வேண்டியது 2 ஜிபி மட்டுமே.

இடப் பிரச்சினைக்கு, துண்டுகளை ஒரே கோப்பாக ஒட்டவே வேண்டாம். கேட் கட்டளை அவற்றை வரிசையாகப் படித்து நேராக டாருக்கு அனுப்பும். எதிர்முனையில் விரிக்க வேண்டிய கோப்புறைக்குள் நின்றுகொண்டு:

கேட் /மீடியா/பென்/துண்டு-* | டார் -எக்ஸ்இசட்எஃப் -

நட்சத்திரக் குறி பெயர்களை அகர வரிசையில் அடுக்கித் தரும் என்பதால் ஏஏ, ஏபி, ஏசி என்று சரியாகப் போகும். கடைசிச் சிறுகோட்டை விட்டுவிடாதீர்கள். குழாய் (‘|’ குறி) வழியாக வருவதைப் படி என்று டாருக்குச் சொல்வது அதுதான்.

மறுமொழி 2

ஜிப் கட்டளையிலேயே ‘-எஸ் 2ஜி’ என்ற தெரிவு இருக்கிறதே, அது எளிதல்லவா?

மறுமொழி 3

பிரிப்பது எளிது, திறப்பதில்தான் சிக்கல். லினக்ஸில் வழக்கமாக உள்ள அன்ஜிப் பல துண்டு ஜிப்பைத் திறக்காது. ‘-எஸ் 0’ கொடுத்து முதலில் ஒரே கோப்பாக்க வேண்டும். இவருக்கு அதற்குத்தான் இடமில்லை. 7-ஜிப்பில் ‘-வி2ஜி’ கொடுத்தால் .001, .002 என்று துண்டாகும், முதல் துண்டைத் திறந்தாலே போதும். ஆனால் 7இசட் வடிவம் கோப்பின் உரிமையாளர் விவரத்தைச் சேமிக்காது. கணினியின் முழுக் காப்புநகல் என்றால் டாரை விடாதீர்கள்.

மறுமொழி 4

சரிபார்ப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். ஜிஇசட் ஒரே தொடர்ச்சியான ஓட்டம். நடுவில் ஒரு துண்டு பழுதானால் அதற்குப் பின்னுள்ளதை மீட்பது பெரும்பாடு. பிரித்ததை டிரைவிலிருந்தே படித்துக் கணக்கிட்டால், எழுதும்போதே கெட்டதும் சரியென்று பதிவாகிவிடும். ஆகவே மூலத் தொகுப்புக்கு ஷா256சம் (உள்ளடக்கத்திலிருந்து சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடும் கட்டளை) கொடுத்து, வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்முனையில் விரிக்கும் முன் இதைக் கொடுங்கள்:

கேட் துண்டு-* | ஷா256சம்

இரண்டும் ஒன்றாக இருந்தால் தைரியமாக விரிக்கலாம். இதற்கும் கூடுதல் இடம் தேவையில்லை.

கேட்டவர்

2ஜி அளவில் 19 துண்டுகளும் ஏறிவிட்டன. ஷா256 எண் பொருந்தியது, குழாய் வழியே நேராக விரித்துவிட்டேன். கோப்புகளின் உரிமையாளரும் மாறாமல் இருக்க ரூட் (நிர்வாகி) பயனராக விரித்தேன். அனைவருக்கும் மிக்க நன்றி.