மல்லி போட்டால் அது கோப்பி இல்லையாம்!

மஸ்கெலியா மச்சான்:
நேற்று கண்டிக்காரன் எழுதியதைப் பார்த்தீர்களா? இலங்கை மலையகத்தில் யாருக்கும் கோப்பி குடிக்கத் தெரியாதாம். வீட்டில் நாம் குடிப்பது மல்லிக் கஷாயமாம். கண்ணாடிச் சுவரும் மெத்தை நாற்காலியும் உள்ள கடைக்குப் போனால்தான் கோப்பி என்றால் என்னவென்று புரியுமாம். எங்கள் அம்மாயி கொட்டையைக் கருக வறுத்து, மல்லியும் சுக்கும் சேர்த்து உரலில் இடிப்பார். அன்றைக்கு லயத்தில், அதுதான் தோட்டத்து வரிசை வீடுகளில், கடைசிக் காம்பரா வரைக்கும் வாசம் போகும். அது கஷாயமா?

கண்டிக்காரன்:
கஷாயம்தான். காய்ச்சலுக்கு அவித்துக் குடிப்பதும் அதே மல்லிதானே? நான் எழுதியது கடையின் சூழலைப் பற்றி. வெளியே மழை, ஜன்னலோரம் ஒரு நாற்காலி, நுரை பொங்கிய கப்புசீனோ, ஒரு துண்டு சாக்லேட் கேக். இரண்டு மணி நேரம் இருந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள்.

மஸ்கெலியா மச்சான்:
சூழல் கிடக்கட்டும், மல்லிக்கு வாருங்கள். நம் ஆட்கள் கடல் தாண்டி வந்ததே கோப்பித் தோட்டத்துக்குத்தான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரத் துரை லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869இல் கோப்பிக்கு இலைத்துரு நோய் வந்தது. அது கோப்பியைத் தின்று தீர்த்த பிறகுதான் மலை முழுக்கத் தேயிலை ஏறியது. கோப்பி பறித்தவன் பேரனுக்குக் கோப்பி தெரியாதாம்!

பண்டாரவளை அக்கா:
தம்பி, லூல்கந்துரை இருப்பது கண்டி மாவட்டத்தில். கண்டிக்காரன் பக்கத்துக்கே பொயின்ட் எடுத்துக் கொடுக்கிறீர்களே 😄

கண்டிக்காரன்:
நன்றி அக்கா. பறித்ததாலேயே குடிக்கத் தெரிந்துவிடுமா? தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர் வீட்டில் என்ன தேத்தண்ணி? டஸ்ட், அந்தத் தேயிலைத் தூள்தானே!

லயத்துப்பிள்ளை:
டஸ்ட்டில்தான் சாயம் இறங்கும். உள்ளங்கையில் கொஞ்சம் சீனி, ஒரு நக்கு, ஒரு மிடறு வெறுந்தேத்தண்ணி. இதைக் கண்ணாடிக் கடையில் தருவார்களா? ஹட்டனில் கடைக்குள் போய் உட்கார்ந்ததும் ரோல்ஸ், பெட்டிஸ், வடை எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொண்டுவந்து வைப்பார்கள். தின்றதை எண்ணிக் காசு கொடுத்தால் போதும். ரோல்ஸைக் கடித்தால் மேலே மொறுமொறு, உள்ளே மிளகு காரத்தோடு கிழங்கும் மீனும். சுகம் என்றால் அது.

கண்டிக்காரன்:
அந்த ரோல்ஸை உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் அமுக்கிப் பார்த்தார்களோ!

லயத்துப்பிள்ளை:
அமுக்கிப் பார்ப்பது உங்கள் பழக்கம் போல. போன வருஷம் கொத்துரொட்டிக்குக் கத்தி, முள்கரண்டி கேட்டவர்தானே நீங்கள்.

கண்டிக்காரன்:
அதை இன்னும் விடவில்லையா? கேட்டது கரண்டி. கத்தியை நீங்களாகச் சேர்க்காதீர்கள்.

பண்டாரவளை அக்கா:
நடுவில் நான் ஒன்று கேட்கிறேன். நீங்கள் சொல்லும் தேத்தண்ணிக் கடை பெஞ்சில் ஒரு பொம்பிளை தனியாக உட்கார முடியுமா? பஸ்ஸுக்குக் காத்திருந்த நாளில் ஒருதடவை உட்கார்ந்தேன். அதுவரைக்கும் சத்தமாக இருந்த கடை கப்சிப் என்று ஆகிவிட்டது. பாதி கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். போன மாதம் சினேகிதியோடு நுவரெலியாவில் ஒரு கஃபேக்குப் போனேன். விலை அநியாயம்தான், கேக்கும் காய்ந்து கிடந்தது. ஆனாலும் ஒன்றரை மணி நேரம் யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மஸ்கெலியா மச்சான்:
அக்கா சொல்வது நியாயம், ஆனால் அது வேறு கதை. கண்டிக்காரன் இன்னும் மல்லிக்குப் பதில் சொல்லவில்லை. பாலை நுரைக்க ஊற்றி, மேலே கறுவாத்தூள் தூவினால் கோப்பி. மல்லி சேர்த்தால் மட்டும் கஷாயமா? கறுவா மருந்து இல்லையா?

பண்டாரவளை அக்கா:
வேறு கதையா! சரி சரி, நீங்கள் மல்லியையே பாருங்கள்.

கண்டிக்காரன்:
கறுவா மேலே தூவுவது. மல்லி உள்ளே அரைப்பது. வித்தியாசம் இருக்கிறது.

மஸ்கெலியா மச்சான்:
மேலே தூவினால் வயிற்றுக்குள் போகாதோ?

லயத்துப்பிள்ளை:
😂😂 மச்சான், அது இருக்கட்டும். அம்மாயி ஒரு கிலோ கொட்டைக்கு எவ்வளவு மல்லி போடுவார்?

மஸ்கெலியா மச்சான்:
அவருக்குக் கை அளவுதான். ஞாயிற்றுக்கிழமை இடிக்கப்போகிறேன், படம் போடுகிறேன்.

கண்டிக்காரன்:
போடுங்கள். கஷாயம் என்று தலைப்பு வைக்க மறக்காதீர்கள்.

மஸ்கெலியா மச்சான்:
கோப்பி என்றுதான் வைப்பேன்.