ஒரே ஒரு திருப்பம், 11 வாரம்: கராத்தே பயிற்சியில் கைசன்

சயானிலிருந்து:

எனக்கு 46 வயது. நவி மும்பை துர்பேயில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. மகளைக் கராத்தே கிளாஸில் சேர்த்தபோது, வெளியே பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதற்கு உள்ளே போய் நிற்கலாமே என்று நானும் சேர்ந்தேன். நான்கு வருடம் ஆகிவிட்டது. கராத்தேயில் ஷோட்டோகான் என்ற பிரிவு, இப்போது பச்சை பெல்ட்.

வேலையை விடாமல் மேம்படுத்திக்கொண்டே போகும் ஜப்பானிய முறைக்குக் கைசன் என்று பெயர். அந்தச் சொல் எனக்குக் கராத்தேக்கு இருபது வருடம் முன்பே பழக்கம். 1999-ல் அம்பத்தூரில் ஒரு சின்னப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முந்தைய வருடம்தான் பாடியில் இருக்கும் சுந்தரம் கிளேட்டன், தரத்துக்கான டெமிங் பரிசு வாங்கியிருந்தது. இந்தியாவில் முதலில் வாங்கிய கம்பெனி அதுதான். 1950-ல் அமெரிக்கரான டெமிங் ஜப்பானுக்குப் போய்த் தரக் கட்டுப்பாட்டைச் சொல்லிக்கொடுத்தார், மறு வருடமே அவர் பெயரில் ஜப்பானியர்கள் ஏற்படுத்திய பரிசு அது. அந்தச் சமயத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்த டீக்கடையில் நின்றாலும் இந்தப் பேச்சுதான். ‘கை’ என்றால் மாற்றம், ‘சென்’ என்றால் நல்லது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். நமக்குக் கை என்றால் வேறு, அதனாலேயே அந்தச் சொல் சட்டென்று மனதில் ஒட்டிக்கொண்டது.

இத்தனை வருடம் தெரிந்த விஷயத்தை என் உடம்பில் செய்து பார்க்கத் தோன்றியது போன வருடம்தான்.

ஹெயான் ஷோடான் கட்டா தெரிந்தவர்களுக்கு நான் சொல்லும் இடம் உடனே புரியும். கட்டா என்றால் வரிசை மாறாமல் செய்யும் அசைவுகளின் தொகுப்பு. இதில் மொத்தம் 21 அசைவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானின் ஒகினாவாத் தீவில் இதோசு ஆங்கோ என்ற கராத்தே ஆசான் பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்த வரிசையில் இதுவும் ஒன்று. ஒன்பதாவது அசைவில் வலது கையை மேலே தூக்கித் தடுத்துக் கியாய் கொடுப்போம், அதாவது உரக்கக் கத்துவோம். அடுத்து வலது காலை ஊன்றிக்கொண்டு முதுகுப் பக்கமாக 270 டிகிரி திரும்பி, இடது கையால் கீழ்த் தடுப்பு. அந்தத் திருப்பத்தில் மூன்று வருடமாக நான் தள்ளாடினேன். பெல்ட்டுக்கான ஒவ்வொரு கிரேடிங் தேர்விலும் அதே இடம்தான்.

மாஸ்டர் சொல்லாமல் இல்லை. முப்பது பேரை வைத்துக்கொண்டு “முழங்கால்! இடுப்பு! பார்வை! பின் கை!” என்று சொல்லிக்கொண்டே போவார். எல்லாமே சரியான திருத்தம்தான். நான் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சரிசெய்யப் பார்த்து, வீட்டில் தினமும் கட்டாவை இருபது முறை செய்தேன். இருபது முறையும் தள்ளாடினேன். தப்பைத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

தொழிற்சாலையில் ஒரு பாகம் தப்பாக வந்தால் நாங்கள் இன்னும் ஆயிரம் பாகம் செய்து பார்க்க மாட்டோம். மெஷினை நிறுத்துவோம், இப்போது அளவு என்ன என்று முதலில் எழுதுவோம். டொயோட்டா கார் கம்பெனியின் உற்பத்தி முறையை வகுத்த தைச்சி ஓனோ வற்புறுத்திய விஷயம் இது. இப்போது இருக்கும் நிலையை வரையறுத்து வைக்காவிட்டால் எதிலிருந்து முன்னேறினோம் என்றே சொல்ல முடியாது. பலரும் கைசன் என்றால் தினமும் கொஞ்சம் கூடச் செய்வது என்று நினைக்கிறார்கள். எனக்கு அதன் உயிரே முதலில் அளப்பதிலும், கிடைத்ததைக் கைவிடாமல் பிடித்து வைப்பதிலும் இருப்பதாகப் படுகிறது.

சரி, செய்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஓர் அடி டைல். கட்டாவை விட்டுவிட்டு அந்தத் திருப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். வலது கால் எங்கே, இடது கால் எங்கே வந்து விழுகிறது என்று பிள்ளைகளின் சாக்பீஸால் குறித்தேன். பத்துத் தடவை திரும்பினால் எட்டுத் தடவை இரண்டு காலும் ஒரே கோட்டில் நின்றன, கயிற்றின்மேல் நடப்பவனைப் போல. இரண்டுக்கும் நடுவே இடுப்பு அகலம் இருக்க வேண்டும். இல்லாததால்தான் தள்ளாட்டம்.

அப்புறம் ‘ஏன்’ கேட்க ஆரம்பித்தேன். ஏன் ஒரே கோட்டில் விழுகிறது? இடது கால் போதிய தூரம் போவதில்லை. ஏன் போவதில்லை? திரும்பும்போது உடம்பு மேலே எழும்பிவிடுகிறது. ஏன் எழும்புகிறது? ஊன்றிய வலது முழங்கால் நடுவழியில் நிமிர்கிறது. ஏன் நிமிர்கிறது? இந்தக் கேள்விக்கு ஒரு வாரம் பதில் கிடைக்கவில்லை. கடைசியில் மகள்தான் கண்டுபிடித்தாள். “அப்பா, உங்க குதிகால் தரையை விட்டுத் தூக்குது” என்றாள். சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். இடது பக்கம் கால்விரலுக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரல் வைக்கலாம். வலது பக்கம் இரண்டு விரல்கூட வைக்க முடியவில்லை. நாள் முழுக்க சேஃப்டி ஷூவில் நிற்கும் கணுக்கால், இறுகிப்போயிருந்தது.

கட்டாவில் வந்த கோளாறுக்கு மருந்து கணுக்காலில் இருந்தது. ஆயிரம் தடவை திரும்பியிருந்தாலும் எனக்கு இது தெரிந்திருக்காது.

அன்றிலிருந்து ஒரே ஒரு மாற்றம். காலையில் பல் தேய்க்கும்போது இரண்டு நிமிடம் சுவரில் வலது கணுக்காலை நீட்டுவது. பின் கை சரியாக இழுபடவில்லை, தோள் தூக்குகிறது, எல்லாம் தெரியும். அவற்றைத் தொடவில்லை. ஐந்து விஷயத்தை ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்? இரவு எட்டரைக்குக் குர்லாவில் வண்டி மாறி வீடு வந்து சேர்ந்ததும் பத்தே பத்துத் திருப்பம், எத்தனை முறை கால் சாக்பீஸ் குறிக்குள் விழுந்தது என்று டைரியில் ஓர் எண். முதல் வாரம் 2, 3, 2. ஐந்தாவது வாரம் 6. எட்டாவது வாரம் 9 வந்தபோது மகளை எழுப்பிக் காட்டலாமா என்றிருந்தது.

அதற்குள் ஊரில் கோயில் கொடை வந்தது. திருநெல்வேலியில் பத்து நாள். திரும்பி வந்தால் 5! கராத்தே வெந்நீர் போன்றது, விடாமல் சூடு கொடுக்காவிட்டால் பழையபடி பச்சைத் தண்ணீர் ஆகிவிடும் என்று ஃபுனாகோஷி தன் நெறிகளில் வைத்திருக்கிறார். 1922-ல் ஒகினாவாவிலிருந்து டோக்கியோவுக்குக் கராத்தேயைக் கொண்டுபோன மனிதர். அந்த வரி சுவரில் மாட்டி வைப்பதற்கான அழகு வாசகம் என்று நினைத்திருந்தேன். அந்த 5-ஐ எழுதும்போது அவர் அனுபவித்துச் சொன்னதாகத் தோன்றியது. மறுபடி 9-க்கு வர மூன்று வாரம். ஊருக்குப் போன பத்து நாளை விட்டால் மொத்தம் 11 வாரம், ஒரு திருப்பத்துக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தினமும் நூற்றுக்கு ஒன்று முன்னேறினால் வருடத்தில் 37 மடங்கு என்று ஒரு கணக்கு எல்லோருக்கும் வருகிறது. தயவுசெய்து இதை உடம்பிடம் கேட்காதீர்கள். வட்டிக்கு வட்டி போடுவது வங்கி. முழங்கால் அப்படி வளராது. என் டைரியில் மூன்று வாரம் ஒரே எண் நின்ற நாட்கள் உண்டு. அந்த நாட்களில் வேகத்தைக் கூட்டியவர்கள் இருவர் எங்கள் கிளாஸிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

உங்களில் யாராவது இப்படிச் செய்து பார்த்திருந்தால் எழுதுங்கள். வேறு கலைகளில் எப்படி என்று தெரிந்துகொள்ள ஆசை.


தாராவியிலிருந்து:

அண்ணா, நான் சிலம்பம். தூத்துக்குடிப் பக்கம் தாத்தா ஊரில் ஆசானிடம் பத்து வயதில் தொடங்கி, இங்கே வந்த பிறகும் விடவில்லை. எங்கள் சந்தில் கம்பைக் குறுக்கே பிடித்தாலே இரண்டு பக்கமும் சுவரில் இடிக்கும். கம்பு நெற்றி உயரம் இருக்கும், யோசித்துப் பாருங்கள். விடியற்காலை ஐந்தரைக்கு மைதானத்துக்குப் போனால்தான் சுற்ற முடியும். ஆறரைக்குக் கிரிக்கெட் பையன்கள் வந்துவிடுவார்கள்.

எனக்குக் கைசன் என்ற பெயர் தெரியாது. ஆனால் கம்பு கைநழுவி விழுவதை எண்ணியிருக்கிறேன். தினத்தாள் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் கோடு போடுவேன். முதல் வாரம் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினான்கு கோடு. எண்ணத் தொடங்கிய பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். விழுவது எல்லாமே வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றும்போது. இடமிருந்து வலம் வரும்போது ஒன்றுகூட விழவில்லை. இடது கட்டைவிரல் கம்பு வருவதற்கு முன்பே மூடிக்கொள்கிறது, பயத்தில். அப்புறம் கம்பே இல்லாமல், பால் காயும் நேரத்தில் அடுப்படியில் நின்று அந்தக் கட்டைவிரலைத் திறந்து வைக்க மட்டும் பழகினேன். ஒரு மாதத்தில் கோடு இரண்டு மூன்றுக்கு வந்தது.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. எங்கள் ஆசான் எதையும் எழுதியதில்லை. கம்பைக் கையில் கொடுக்காமல் மாதக்கணக்கில் காலடி மட்டும் போடச் சொல்வார். நாங்கள் போடும்போது தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, எங்கள் பாதத்தின் மட்டத்துக்குக் கண்ணை இறக்கிப் பார்ப்பார். அறுபது வயதுக்கு மேல் அப்படி உட்கார்ந்து எழுவது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது புரிகிறது. டைரி நல்லதுதான். அப்படிப் பார்க்கும் ஒரு ஜோடிக் கண் கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள். உங்களுக்கும் குதிகாலைக் கண்டுபிடித்தது டைரி இல்லையே, உங்கள் மகள்தானே.


சயானிலிருந்து:

தங்கச்சி, நீ சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஜப்பானியர்கள் இதற்கே ‘கெம்பா’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், வேலை நடக்கும் இடம். ஆபீஸில் உட்கார்ந்து தாளைப் பார்க்காதே, அந்த இடத்துக்குப் போய் நின்று பார் என்பார்கள். உன் ஆசான் ஒரு படி மேலே, அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார்.


செம்பூரிலிருந்து:

எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் வீட்டில் இது நல்லபடியாக நடக்கவில்லை. மகளுக்கு 11 வயது. என் கணவரும் தொழிற்சாலைக்காரர்தான். அவள் கிளாஸில் செய்வதைத் தினமும் மொபைலில் எடுத்து, வீட்டுக்கு வந்ததும் டிவியில் போட்டுக் காட்டுவார். “இங்கே பார், முட்டி மடங்கலை. நாளைக்கு இதை மட்டும் சரி பண்ணு.” அவர் திட்டியதே இல்லை, அன்பாகத்தான் சொல்வார். ஒரு நாளைக்கு ஒரே ஒரு தப்புதான். ஆனால் ஒவ்வொரு நாளும் ஒன்று.

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை யூனிஃபார்மைத் தானே துவைத்து, இஸ்திரி போட்டு, பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். ஏன் என்று கேட்டேன். “அம்மா, நான் எப்போ நல்லா பண்றேன்னு யாரும் வீடியோ எடுக்கலை” என்றாள். அவர் அன்று இரவு சாப்பிடவில்லை. கைசன் பிள்ளைகளுக்கு ஆகாதா, அல்லது நாங்கள் செய்த விதம் தப்பா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


டோம்பிவிலியிலிருந்து:

அம்மா, நான் 62 வயதுக்காரன், 51-ல் ஜூடோ தொடங்கினேன். உங்கள் மகளின் அந்த வார்த்தையைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு எதுவும் ஓடவில்லை.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஜூடோவில் முதலில் கற்றுக்கொள்வது விழுவது. உகேமி என்பார்கள். என் வாத்தியாருக்கு என்னைவிட இருபது வயது குறைவு. முதல் நாள் அவர் கேட்டது, “சார், விழுவதில் உங்களுக்கு எது பயம்?” என்று. பின்னந்தலை அடிபடும் என்று சொன்னேன். அடுத்த இரண்டு மாதம் மோவாயை மார்போடு ஒட்டி வைப்பதை மட்டும் செய்தோம். கையால் பாயை அடிப்பது, உருளுவது எல்லாம் பிறகுதான். போன ஜூலை மழையில் ரயில்வே மேம்பாலப் படிக்கட்டில் வழுக்கி மல்லாக்க விழுந்தேன். முழங்கை சிராய்ப்பு, இடுப்பில் ஒரு வாரம் வலி. தலை தரையைத் தொடவே இல்லை.

என் பயத்தை அவர் என்னிடமே கேட்டார். உங்கள் வீட்டில் விட்டுப்போனது அந்தக் கேள்வியாக இருக்கலாம்.


சயானிலிருந்து:

அக்கா, ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டொயோட்டா 1951-ல் தொழிலாளர்களிடம் யோசனை கேட்கும் திட்டத்தை ஆரம்பித்தது. யோசனை சொல்ல வேண்டியவர் அந்த மெஷினில் நிற்பவர். மேலே இருப்பவர் தப்பை எடுத்துக் கொடுத்து ‘சரி பண்ணு’ என்றால் அதற்குப் பெயர் கைசன் இல்லை, தர ஆய்வு. நானே தொழிலில் அந்த ஆய்வாளர்தான், அதனால் உங்கள் வீட்டுக்காரர் எங்கே சறுக்கினார் என்று எனக்குத் தெரிகிறது. என் மகளிடமும் நான் இதைச் செய்திருப்பேன். டைரியில் என் கால் இருந்ததால் அவள் தப்பித்தாள். பாப்பாவிடம் கராத்தேக்கு வா என்று சொல்லாமல், அவளுக்கு எது நன்றாக வர ஆசை என்று மட்டும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு வேறு எதுவும் சொல்ல வேண்டாம்.


செம்பூரிலிருந்து:

கேட்டேன். இவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “கியாய் சத்தமா வரணும். எனக்குக் கத்தறதுக்கு வெட்கமா இருக்கு” என்றாள். முழங்காலைப் பற்றியோ கையைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. ஆறு மாத வீடியோவில் நாங்கள் ஒரு நாள்கூடச் சத்தத்தைக் கவனித்ததில்லை, மியூட் செய்துதான் பார்ப்போம்.

நேற்று சாயந்திரம் அவளும் இவரும் மொட்டை மாடிக்குப் போனார்கள். இவர் மொபைலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று தடவை கத்தினாள், மூன்றாவது எனக்கு அடுப்படி வரை கேட்டது. கீழ் வீட்டு மராத்தி ஆஜி (பாட்டி) ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். இன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், “அப்பா எத்தனை மணிக்கு வருவாங்க?” என்று கேட்டாள். யூனிஃபார்ம் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது.