பத்து வாரம், மூன்று அம்மன் பாட்டு, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்: மெட்டுப் போட நேரத்தை எப்படிப் பிரிப்பது?

சிப்புட் தம்பி:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்கு மூன்று புதுப் பாட்டு (காவடி, தாலாட்டு, கரகம்) போட வேண்டும். கையில் பத்து வாரம் இருக்கிறது. வேலை செம்பனை (பாமாயில்) ஆலையில். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு, வாரத்துக்கு ஒரு நாள் ஓஃப். சின்ன கீபோர்டு, லேப்டாப்பில் ரீப்பர் (ஒலிப்பதிவு மென்பொருள்), கைப்பேசி இவ்வளவுதான் சாமான். பாடுவது ஓர் அண்ணன் (ஒன்றரைக் கட்டை; கட்டை என்பது ஸ வைக்கும் சுருதி அளவு), ஓர் அக்கா (ஐந்து கட்டை). ஊர்வலத்தில் நாதஸ்வரக் குழுவும் அதே பாட்டை வாசிக்க வேண்டும் என்று கமிட்டி கேட்கிறது. ஈப்போ ஸ்டுடியோவில் ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும்.
பல்லவி வந்துவிடுகிறது, சரணத்தில் நின்றுவிடுகிறது. வரி முதலிலா, மெட்டு முதலிலா? இரவு ஷிப்ட் முடிந்து வந்து உட்காரலாமா?

மெட்டுப்பெட்டி:
தம்பி, கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பத்தாம் வாரம் பென்டிரைவை எடுத்துப் போய்க் கோயில் ஸ்பீக்கரில் போட்டுப் பார்க்க. ஒன்பது மிக்சிங் (ஒலிகளை அளவாகக் கலப்பது). எட்டாம் வாரம் குரல் பதிவு, மூன்று பாட்டும் ஒரே நாளில். ஏழாம் வாரத்தில் எதையும் வைக்காதீர்கள். பாடுகிறவர்கள் டிராக்கைக் கேட்டுப் பழகுவார்கள். உங்களுக்குத் திடீரென்று ஓவர்டைம் விழுந்தால் அதையும் இந்த வாரம் தாங்கும். ஐந்து, ஆறு இரண்டிலும் வாத்தியம் சேர்ப்பது, வழிகாட்டிக் குரல் போட்டு அனுப்புவது. ஆக, மெட்டும் வரியும் போடக் கையில் நிற்பது முதல் நான்கு வாரம்தான்.

அந்த நான்கில் முதல் இரண்டு வாரம் மூன்று பாட்டுக்கும் பல்லவி மட்டும். ஒரு பாட்டை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததைத் தொட்டால், நேரமெல்லாம் முதல் பாட்டுக்கே போய், மூன்றாவது அதன் நகலாக வந்து நிற்கும். மூன்று பல்லவியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் தாளம், வேகம், ராகம் மோதுவது உடனே தெரியும். காவடிக்குத் திஸ்ர (மும்மூன்றாக எண்ணும்) நடையில் செஞ்சுருட்டி, தாலாட்டுக்கு நீலாம்பரி, கரகத்துக்கு ஆனந்தபைரவி என்று முதல் நாளே பிரித்துவிட்டால் பாதி குழப்பம் தீர்ந்தது.

நீளத்தையும் முன்கூட்டியே கட்டிவிடுங்கள். ஆதி தாளம், நிமிடத்துக்கு 96 தட்டு என்றால் ஓர் ஆவர்த்தனம் (எட்டுத் தட்டுச் சுற்று) 5 விநாடி. நான்கு நிமிடப் பாட்டுக்கு 48 ஆவர்த்தனம். முன்னிசை 4, பல்லவி 4, அனுபல்லவி 4, பல்லவி 2, இடையிசை 4, சரணம் 8, பல்லவி 2, இடையிசை 4, இரண்டாம் சரணம் 8, பல்லவி 4, முடிப்பு 4. இதை ஒரு தாளில் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். உட்காரும்போது 'பாட்டு எழுதணும்' என்று உட்காராதீர்கள், 'இன்றைக்கு இடையிசை 4 ஆவர்த்தனம்' என்று உட்காருங்கள். நாற்பது நிமிடத்தில் முடிகிற வேலை.

சரணம் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் பல்லவியில் இருக்கும். பல்லவியே மேல்சட்ஜத்தில் (மேல் ஸ) போய் உட்கார்ந்தால் அதற்குப் பிறகு ஏற இடமில்லை. பல்லவியைக் கீழ்ப் பஞ்சமத்துக்கும் (கீழ் ப) நடுப் பஞ்சமத்துக்கும் இடையில் வையுங்கள். அனுபல்லவி மேல்சட்ஜத்தைத் தொடட்டும். சரணம் நடுவில் தொடங்கி இரண்டாம் பாதியில் மேலே போகட்டும்.

நாயனக்காரர்:
மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் சுருதியை முடிவு பண்ணாமல் ஒரு கட்டமும் போடாதீர்கள். பாரி நாயனம் (நீளமான நாதஸ்வரம்) பெரும்பாலும் இரண்டு அல்லது இரண்டரைக் கட்டை. கீபோர்டு மாதிரிப் பொத்தானை அமுக்கி மாற்ற முடியாது. குழுத் தலைவருக்கு இன்றைக்கே ஒரு போன் போட்டு, திருவிழாவுக்கு எந்த நாயனம் கொண்டு வருவார் என்று கேளுங்கள்.

இரண்டு கட்டை என்றால் அக்காவின் பாட்டுக்கு வழி இருக்கிறது. இரண்டு கட்டையின் மத்திமம்தான் (ம) ஐந்து கட்டை. நாயனம் மத்திம சுருதியில், அதாவது ம-வை ஸ-வாக வைத்து, வாசித்தால் அக்கா தன் சொந்தச் சுருதியிலேயே பாடலாம். சுருதிப் பெட்டியில் பஞ்சமத்தை எடுத்துவிட்டு மத்திமத்தை வைக்க வேண்டும், அதை மறந்தால் முதல் வரியிலேயே அடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட பாட்டில் மேல்ஸ்தாயியில் நீண்ட சஞ்சாரம் வேண்டாம், அங்கே மூச்சு அதிகம் பிடிக்கும். அண்ணனுடைய ஒன்றரைக் கட்டைக்கு இந்த வித்தை செல்லாது. அவரை இரண்டில் பாடச் சொல்லி, மெட்டின் உச்சியை மேல்ரிஷபத்தோடு (மேல் ரி) நிறுத்துங்கள். நாயனம் இரண்டரை என்று பதில் வந்தால் இங்கே வந்து சொல்லுங்கள், கணக்கு மாறும்.

ஊர்வலத்தில் ஜனம் கூடப் பாட வேண்டிய வரியைச் சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) எடுங்கள். அரை இடம் தள்ளி எடுத்தால் ஸ்டுடியோவில் அழகாக இருக்கும், தெருவில் ஆளுக்கொரு பக்கம் போவார்கள்.

தத்தகாரன்:
வரியா மெட்டா என்ற கேள்விக்கு: மூன்று பாட்டுக்கும் ஒரே பதில் வேண்டாம். காவடிக்கும் கரகத்துக்கும் மெட்டு முதலில், தாலாட்டுக்கு வரி முதலில். ஆட்டப் பாட்டில் தாள அடிதான் ராஜா. தாலாட்டில் சொல்லின் மூச்சுக்கு மெட்டு வளைந்து கொடுக்க வேண்டும்.

மெட்டு முதலில் என்றால் வரிக்காகக் காத்திருக்க வேண்டாம். தன தனன தான தன தனன தானா என்று தத்தகாரத்திலேயே முழுப் பாட்டையும் பாடிப் பதிந்துவிடுங்கள். திருப்புகழ்ப் பதிப்புகளில் ஒவ்வொரு பாட்டுக்கும் தலையில் சந்தம் அச்சிட்டிருப்பார்கள். தினம் ஒன்றை எடுத்து வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் சந்தம் காதில் ஏறிவிடும்.

வரி போடும்போது பார்க்க வேண்டியது, நீளும் சுரத்தில் குறில் விழக் கூடாது. 'வரம் தருவாய்' என்பதில் 'வ' இரண்டு தட்டு நீளும் இடத்தில் விழுந்தால் 'வாரம் தருவாய்' என்று கேட்கும். 'கரம்' 'காரம்' ஆகும். அம்மனிடம் மிளகாய் கேட்டது போல் இருக்கும். நீளும் இடங்களை முதலில் தாளில் வட்டமிட்டு, அங்கே தாயே, வேலா, மாரி மாதிரி நெடில் தொடக்கச் சொற்களை நிறுத்துங்கள். மற்ற இடத்தை அதற்குப் பிறகு நிரப்பலாம். அதே மாதிரி அதிவேக இடத்தில் 'ற்ற', 'ட்ச' அடுத்தடுத்து வந்தால் பாடகர் நாக்கு புரளும், எட்டாம் வாரம் ஸ்டுடியோ நேரம் அதிலேயே கரையும்.

கைப்பேசிப் பதிவுகளுக்குப் பெயர் வையுங்கள்: பாட்டு, பகுதி, சுருதி. 'கரகம் சரணம் ஐந்து கட்டை' போதும். பெயரில்லாமல் எண்பது பதிவு சேர்ந்தால் ஒன்றையும் யாரும் திரும்பக் கேட்பதில்லை. ஓஃப் நாளில் அரை மணி நேரம் எல்லாவற்றையும் கேட்டு, நல்லதுக்கு மட்டும் நோட்டில் சுரம் எழுதி, மிச்சத்தை அழித்துவிடுங்கள்.

மோனோ அண்ணன்:
இரவு ஷிப்ட் முடிந்து உட்காரலாம், ஆனால் எந்த வேலைக்கு என்பதுதான் விஷயம். ஆலைச் சத்தத்தில் பன்னிரண்டு மணி நேரம் இருந்தால் காது தற்காலிகமாக மந்தமாகும், குறிப்பாக மேல் அலைவரிசைகளில். தெளிவு போதவில்லை என்று நினைத்து நீங்கள் ஓசையின் மேல்பகுதியைத் தூக்குவீர்கள். காது தெளிந்த பிறகு கேட்டால் தாளச் சத்தம் ஊசி மாதிரி குத்தும். தெளிய பல மணி நேரம் ஆகும், சில சமயம் ஒரு நாள்கூட. மலேசியாவின் 2019 சத்த ஒழுங்குவிதிகளில் அன்றாட வரம்பு 85 டெசிபல். காதுக் கவசத்தை ஆலையில் கழற்றாதீர்கள், பாட்டுக்காகவும்தான். மிக்சிங் ஓஃப் நாளில், அதுவும் தூங்கி எழுந்த பிறகு.

ஷிப்ட் முடிந்த களைப்பில் செய்யத் தோதானது நகல் வேலை: சுரம் படியெடுப்பது, டிராக்குக்குப் பெயர் வைப்பது, இடையிசையைப் புல்லாங்குழலுக்கும் வயலினுக்கும் பிரிப்பது. இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர் 1897 முதல் 1907 வரை வியன்னா அரச ஓப்பராவின் இயக்குநர். பருவம் முழுக்க அந்த வேலைதான். சிம்பொனிகளின் கருவைக் கோடை விடுமுறையில் ஏரிப் பக்கத்துக் குடிலில் எழுதுவார். வாத்தியப் பிரிப்பும் சுத்தப் பிரதியும் பெரும்பாலும் ஊருக்குத் திரும்பி, வேலைக்கு நடுவில். உங்கள் ஓஃப் நாள் காலைதான் அந்தக் கோடை. அதில் மளிகை, மோட்டார் சர்வீஸ் எதையும் நுழைக்காதீர்கள்.

கோயில் கூம்பு ஸ்பீக்கரில் அடிநாதம் ஏறக்குறைய இல்லாமலே போகும். பேஸ் கித்தாரை நம்பித் தாளத்தைக் கட்டியிருந்தால் பாட்டு காலில்லாமல் நிற்கும். உறுமி, தவிலின் வலந்தலை (வலப்பக்கம்) சத்தம் தெளிவாக வரட்டும். மிக்சை மோனோவில் (இரண்டு பக்கமும் ஒரே ஒலியாக) ஒரு தடவை கேளுங்கள். ஸ்டீரியோவில் அகலமாக விரித்த கோரஸ் மோனோவில் கரைந்து போவதுண்டு.

சிப்புட் தம்பி:
எல்லாருக்கும் நன்றி. நாயனம் இரண்டு கட்டைதான், கேட்டுவிட்டேன். இன்னொன்று: தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பேர் கோரஸ் பாட வருகிறார்கள். அவர்களை எந்தப் பாட்டில் போடுவது?

நாயனக்காரர்:
அக்கா பாட்டில் போடுங்கள், ஐந்து கட்டை பிள்ளைகளுக்கும் தோது. பல்லவி மட்டும் போதும். கீழ்ப் பஞ்சமம் அவர்களுக்குக் காற்றாகப் போகும், அந்த வரியை அக்கா தனியாகப் பாடட்டும். ஸ்டுடியோவில் பிள்ளைகளின் பதிவை முதலில் முடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்களைப் பிடிக்க முடியாது.